லைனில்தான் இருக்கிறேன்

ஞாயிற்றுக்கிழமை, மதியம்

அன்புள்ள என்னங்க,

இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லை. அங்கே உங்களுக்கும் அப்படித்தான் என்று எண்ணிக்கொண்டு எழுதுகிறேன். கடிதத்தைப் பார்த்ததும் பயந்துவிடாதீர்கள். கெட்ட செய்தி எதுவும் இல்லை. போனில் நான் யோசித்துப் பதில் சொல்வதற்குள் “ஹலோ, லைன்ல இருக்கியா?” என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறீர்கள். நான் லைனில்தான் இருக்கிறேன். வார்த்தை வந்து சேரத்தான் நேரமாகிறது. எழுதும்போது அந்தத் தொல்லை இல்லை.

சமையலறைக் குழாய் சொட்டுவது நிற்கவில்லை. குழாய்க்காரர் வந்து வாஷர் மாற்றினார். அவர் படி இறங்குவதற்குள் மறுபடி ஆரம்பித்துவிட்டது. சத்தம் கேட்காமல் இருக்கக் கீழே துணியை மடித்துப் போட்டிருக்கிறேன். மாடி வீட்டுக்குப் புதிதாக ஆட்கள் வந்திருக்கிறார்கள். நாள் முழுக்க நாற்காலியை இழுக்கிறார்கள். உட்காரவே மாட்டார்கள் போலிருக்கிறது. உங்கள் கறுப்புச் சட்டை பீரோவிலேயே இருக்கிறது. வேண்டுமென்றால் அனுப்புகிறேன்.

சலவைக் கடையில் சில மாதம் முன்னால் ஒரு சட்டையைக் கருக்கிவிட்டேன். இஸ்திரிப் பெட்டியைச் சட்டையின் முதுகில் வைத்தபடியே நின்றிருக்கிறேன். எதிர்ச் சுவரில் பெயின்ட் உரிந்த இடம் ஒன்று உண்டு. அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. கண் அங்கே இருந்தது, அவ்வளவுதான். புகை வந்தது தெரிந்தது. கருகிய வாசனை தெரிந்தது. கையை எடுக்க வேண்டும் என்பதும் தெரிந்தது. ஆனால் அது வேறு யாருக்கோ சொன்ன வேலை மாதிரி இருந்தது.

பக்கத்து மேஜைக்காரிதான் ஓடி வந்து பிளக்கைப் பிடுங்கினாள். கடையில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். வாய் ஓயாது. அவளுடைய நாத்தனார் வீட்டுச் சண்டை முழுவதும் எனக்கு மனப்பாடம். அன்றைக்கு மட்டும் ஒன்றும் பேசாமல் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு என்னை உட்கார வைத்தாள். பக்கத்திலேயே நின்று தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தலையைத் திருப்பிய பிறகுதான் “வந்துட்டியா?” என்றாள். சட்டைக்காரருக்கு முதலாளி என்ன பதில் சொன்னாரோ தெரியாது. என்னை மடிக்கிற மேஜைக்கு மாற்றிவிட்டார். “உன் கையில சூட்டைக் குடுக்க இனி எனக்குத் தைரியமில்லம்மா” என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

ரேடியோவின் தம்பிக்கு வலிப்பு உண்டாம். அவனும் சில சமயம் இப்படித்தான் வெறித்துப் பார்ப்பானாம். அவளே லீவு போட்டு என்னை நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போனாள். நாம் போன ஆஸ்பத்திரி இல்லை, வேறு. தலை முழுக்கப் பசை தடவி ஒயர் ஒட்டினார்கள். பசை முடியில் காய்ந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. வலிப்பு இல்லை என்று சொல்லி, மனநல டாக்டர் அம்மா ஒருவரிடம் அனுப்பினார்கள். அவர் என் சின்ன வயதைப் பற்றியே திரும்பத் திரும்பக் கேட்டார். அம்மாவுக்கும் போன் போட்டார். “கூப்பிட்டா திரும்ப மாட்டா டாக்டர். காது கேக்கலையோன்னு பின்னாடி நின்னு தட்டைக் கீழ போட்டெல்லாம் பாத்திருக்கோம்” என்று அம்மா சொன்னாளாம்.

பல தடவை போன பிறகு எனக்கு ஆட்டிசம் என்றார். “அது குழந்தைங்களுக்குத்தானே வரும்?” என்று கேட்டேன். “அந்தக் குழந்தைங்க பெரியவங்களா ஆக மாட்டாங்களாம்மா?” என்றார். ரேடியோ சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. கேட்டுக்கொண்டேன். வரும் வழியில் பாத்திரம் தேய்க்கிற நார் வாங்கினேன்.

அது நோய் இல்லையாம். மாத்திரை கிடையாதாம். என் மூளை பிறந்ததிலிருந்தே அப்படியாம். மற்றவர்களுக்கு வேண்டிய சத்தம் முன்னால் வரும், வேண்டாதது தானாகப் பின்னால் போய்விடும் என்றார். எனக்கு எல்லாம் ஒரே அளவில் வருகிறது. நீங்கள் பேசுவது, பிரிட்ஜ் ஓடுவது, தெருவில் யாரோ வண்டியை உதைப்பது எல்லாம். தாங்க முடியாத அளவுக்குச் சேர்ந்துவிட்டால் உள்ளே ஏதோ தானாக நின்றுவிடுகிறது. சின்ன வயதிலிருந்தே எல்லோரும் என்னை எங்கே போயிருந்தாய் என்று கேட்பார்கள். நான் எங்கும் போனதில்லை.

எழுத வந்த விஷயம் இனிமேல்தான்.

அன்றைக்கு ஸ்கேன் அறையில், குழந்தையின் இதயம் நின்றுவிட்டது என்று டாக்டர் சொன்னபோது நான் கை கழுவும் தொட்டிக்குக் கீழே இருந்த வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீல வாளி. கைப்பிடி ஒரு பக்கம் கழன்றிருந்தது. நீங்கள் என் கையைப் பிடித்தீர்கள். “ஏதாவது சொல்லேன்” என்றீர்கள். பிறகு தோளைப் பிடித்து உலுக்கினீர்கள். நான் வாளியையே பார்த்தேன். டாக்டர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் எனக்குக் கேட்டது. நீங்கள் அழுததும் கேட்டது. மூக்கடைத்துப்போய் வாயால் மூச்சு விட்டீர்கள். பதில்தான் வரவில்லை.

வீட்டுக்கு வந்தும் அப்படியே இருந்தேன். சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டேன். படுக்கச் சொன்னால் படுத்தேன். “உனக்கு வலிக்கவே இல்லையா?” என்று கேட்டீர்கள். “தெரியல” என்றேன். தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனீர்கள். உங்களைக் குத்துவதற்காக நான் அதைச் சொல்லவில்லை. உண்மையிலேயே தெரியவில்லை. இப்போதும் சரியாகத் தெரியவில்லை. தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன்.

வேலை முடிந்து பஸ் ஏறினால் நம் நிறுத்தம் வருவதற்கு முன்பே, நாம் அன்றைக்குப் போன ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் இறங்கிவிடுகிறேன். இறங்க வேண்டும் என்று நினைத்து இறங்குவதில்லை. வாசலுக்கு உள்ளே ஒரு சிமென்ட் பெஞ்சு இருக்கிறதே, அதில் உட்காருவேன். முதல் நாள் வாட்ச்மேன் “யாரைப் பாக்கணும்?” என்று கேட்டார். “யாரையும் இல்லை” என்றேன். “உடம்பு சரியில்லையா?” என்றார். அதுவும் இல்லை என்றேன். இப்போதெல்லாம் கேட்பதில்லை. வண்டி வந்தால் மட்டும் “காலை உள்ள இழுத்துக்கம்மா” என்பார். கொஞ்ச நேரம் இருந்துவிட்டு அடுத்த பஸ்ஸில் வந்துவிடுவேன். டாக்டர் அம்மாவிடம் இதைச் சொன்னேன். “இதுக்கு என்ன பேருன்னு நினைக்கிறீங்க?” என்று கேட்டார். நான் சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை.

கல்லோடு குடும்பம் நடத்த முடியாது என்று நீங்கள் அத்தையிடம் சொன்னது எனக்குத் தெரியும். அத்தை ஏதோ கோபத்தில் வாய் தவறிச் சொல்லிவிட்டார், அவரைக் கேட்காதீர்கள். வெளியூரில் பாலம் கட்டுகிற வேலைக்கு உங்களை யாரும் அனுப்பவில்லை, நீங்களாகக் கேட்டு வாங்கிக்கொண்டு போனீர்கள் என்பதும் தெரியும். அதில் எனக்குக் கோபம் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். கையில் ஒன்றும் அகப்படவில்லை.

உயரத்தில் நிற்கும்போது பெல்ட்டை மாட்டிக்கொள்ளுங்கள். அலட்சியமாக இருக்காதீர்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி

*

அன்புள்ள உனக்கு,

கடிதம் கிடைத்தது. ஷெட்டில் எல்லாரும் இருந்தார்கள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் நின்று படித்தேன். எனக்கு எழுத வராது, உனக்குத் தெரியும். வெல்டிங் பிடித்த கையில் பேனா நிற்க மாட்டேன் என்கிறது. தப்பு இருந்தால் திருத்திப் படித்துக்கொள்.

கல் என்று சொன்னது உண்மைதான். இல்லையென்று சொல்லி உன்னை ஏமாற்ற மாட்டேன். அன்றைக்கு நீயும் அழுதிருந்தால் இது நம் இரண்டு பேருக்கும் நடந்தது என்று இருந்திருக்கும். நீ வாளியைப் பார்த்தாய். எனக்கு மட்டும்தான் குழந்தை போன மாதிரி ஆகிவிட்டது. வீட்டில் உன் எதிரே உட்கார்ந்து சாப்பிட முடியவில்லை. தூரமாகப் போனால் சரியாகும் என்று கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். சரியாகவில்லை.

பெஞ்சு விஷயம் படித்த பிறகு அன்று மத்தியானம் வேலைக்குப் போகவில்லை. மேஸ்திரி வந்து “வீட்டுல யாருக்காவது முடியலையா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். யாருக்கு என்று கேட்டார். எங்கள் இரண்டு பேருக்கும் என்றேன். அவர் ஒன்றும் புரியாமல் போய்விட்டார்.

ஆட்டிசம் பற்றி இங்கே யாரைக் கேட்பது என்று தெரியவில்லை. அதனால் உன்னையே கேட்கிறேன். கோபித்துக்கொள்ளாதே. நான் வீட்டுக்கு வந்து ஏதோ சொல்கிறேன், நீ சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாய் என்றால், நான் என்ன செய்ய வேண்டும்? கூப்பிடுவதா, விட்டுவிடுவதா? எவ்வளவு நேரம் விடுவது? இரும்பு வேலைக்கு ஆயிரம் சட்டம் சொல்லித் தருகிறார்கள், இதை ஒருத்தரும் சொல்லித் தரவில்லை.

இந்தத் தூண் முடிந்ததும் லீவு கிடைக்கும். வரலாமா என்று எழுது. நீ எழுதினால்தான் வருவேன்.

அந்தக் குழாயில் வாஷர் கோளாறு இல்லை. உள்ளே இருக்கிற திருகு தேய்ந்திருக்கும். வேறு ஆளைக் கூப்பிடு.

இப்படிக்கு,
பெல்ட் மாட்டிக்கொண்டு நிற்கிற உன் வீட்டுக்காரன்

*

அன்புள்ள என்னங்க,

உங்கள் கடிதத்தைப் பகலில் வாங்கிச் சாயங்காலம் பிரித்தேன். படித்துவிட்டு வெகுநேரம் ஜன்னல் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் பதில் எழுத நாளாகிவிட்டது. வேறு காரணம் எதுவும் இல்லை.

நீங்கள் கேட்டதை டாக்டர் அம்மாவிடம் கேட்டு எழுதலாம் என்று முதலில் நினைத்தேன். “அது உங்களுக்குத்தான் தெரியும், நீங்களே எழுதுங்க” என்று அனுப்பிவிட்டார். இதுவரை யாரும் என்னிடம் கேட்காததால் நானும் யோசித்ததில்லை.

எல்லா வெறிப்பும் ஒன்றல்ல. மடிக்கிற மேஜையில் வெள்ளைத் துணி மேலே துணியாக ஏறும்போது கண் எங்கேயோ நின்றுவிடும். கை அதுபாட்டுக்கு மடிக்கும். அது நல்லது. வெயிலில் நடந்து வந்தவர்கள் நிழலில் நிற்கிற மாதிரி. அதற்கு ஒன்றும் செய்ய வேண்டாம். உங்களுக்கு ஏதாவது வேண்டுமென்றால் கூப்பிடுங்கள், திரும்புவேன். மற்றது வேறு. அது வரும்போது கை கால் என்னுடையதாக இருக்காது. அப்போது உலுக்காதீர்கள். முகத்துக்கு எதிரே வந்து நிற்காதீர்கள். ‘என்ன’, ‘ஏன்’ என்று கேட்டால் அதுவும் இன்னொரு சத்தமாகச் சேர்ந்துகொள்ளும். விளக்கை அணைத்துவிடுங்கள். பக்கவாட்டில் உட்காருங்கள். எவ்வளவு நேரம் என்று என்னால் சொல்ல முடியாது. அலுத்தால் எழுந்து போய் டீ போட்டுக் குடியுங்கள், தப்பில்லை. ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போய்விடாதீர்கள்.

எனக்கு மட்டும்தான் போன மாதிரி என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியைப் பலமுறை படித்தேன். எனக்கும் போயிருக்கிறது. அது எங்கே இருக்கிறது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. காலுக்குத் தெரிந்திருக்கிறது போலும், பஸ்ஸிலிருந்து தானாக இறங்குகிறது. மற்றதற்கெல்லாம் எப்போது தெரியும் என்று டாக்டர் அம்மாவுக்கும் சொல்ல முடியவில்லை. சிலருக்கு மாதக்கணக்கில் தாமதமாக வருமாம். வந்தால் வரட்டும். வராவிட்டால் அன்றைக்கு நடந்தது எனக்கு நடக்கவில்லை என்று ஆகிவிடாது. இதை எழுதும்போதும் எனக்கு அழுகை வரவில்லை. பொய்யாக ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு எழுத்தை அழித்து அனுப்பலாம். உங்களுக்கு அது வேண்டாம் என்று நினைக்கிறேன்.

ரேடியோவுக்கு உங்கள் கையெழுத்தைக் காட்டினேன், விஷயத்தைக் காட்டவில்லை. “கோழி கிளறின மாதிரி இருக்கு, ஆனா இவ்வளவு எழுதியிருக்காரே” என்றாள். வேறு குழாய்க்காரர் வந்தார். நீங்கள் சொன்னதுதான், திருகு.

வரலாமா என்று கேட்டிருந்தீர்கள். வாருங்கள்.

நேற்று அத்தை வந்திருந்தார். என் தலையில் எண்ணெய் இல்லை என்று திட்டினார். பிறகு போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே ஒன்று சொன்னார். குழந்தைக்கு நீங்கள் ஒரு பெயர் யோசித்து வைத்திருந்தீர்களாம். பிறந்த பிறகு என்னிடம் சொல்லலாம் என்று இருந்தீர்களாம். என்ன பெயர் என்று அத்தையிடம் நான் கேட்கவில்லை. அவர் சொல்ல வாயெடுத்தார், வேண்டாம் என்றுவிட்டேன்.

நீங்கள் வரும்போது என்னிடம் அந்தப் பெயரைச் சொல்லுங்கள். கேட்டுவிட்டு நான் எங்கேயாவது பார்த்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் இருந்துவிடக்கூடும். அப்படி இருந்தால், சொன்ன இடத்திலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி