என் வாக்கியத்தை நானே முடிப்பேன்

ஜூன் 4

அண்ணாவுக்கு,

நலமா என்று கேட்கும் மனநிலையில் நான் இல்லை. அம்மாதான் பக்கத்தில் உட்கார்ந்து, "முதல்ல நலமான்னு கேளுடி" என்று நச்சரிக்கிறாள். கேட்டாயிற்று.

போனில் பேசினால் நான் பாதி சொல்வதற்குள் மீதியை நீ சொல்லிவிடுவாய். அதனால்தான் கடிதம். ஒற்றை விரலால் தட்டுகிறேன். நேரமாகும்தான், ஆனால் நடுவில் யாரும் வாயைத் திறக்க முடியாது.

நேற்று வேலைவாய்ப்பு உதவி மையத்தில் அந்த ஆலோசகர் என்னைப் பார்த்துத்தானே கேட்டார், "என்ன வேலை செய்ய விருப்பம்?" என்று? என் நாக்கு மெதுவாகப் புரளும், ஆனால் கிளம்பிவிட்டது. "எனக்குப் பஸ்..." என்பதற்குள் நீ, "எது குடுத்தாலும் செய்வா சார், ரொம்பப் பொறுமைசாலி" என்றாய். நானா பொறுமைசாலி! அதன் பிறகு அந்த மனிதர் என் சக்கர நாற்காலிப் பக்கமே திரும்பவில்லை.

சின்ன வயதில் கடையிலும் டாக்டரிடமும் நான் இழுத்து இழுத்துப் பேசியதை நீ முடித்து வைத்தாய். அப்போது அது உதவி. இப்போது எனக்குத் தலைமுடியே நரைக்கத் தொடங்கிவிட்டது, அண்ணா.

பலன் என்ன தெரியுமா? பரிசுப் பெட்டிக்கு ரிப்பன் கட்டும் பட்டறை. கை நடுங்குகிற எனக்கு ரிப்பன்! ஒரு மாதம் போனால், 'வேலை கிடைத்துவிட்டது' என்று எழுதி என் கோப்பை மூடிவிடுவார்கள். அப்புறம் மையம் எனக்காகத் துரும்பைக்கூடக் கிள்ளிப் போடாது. எனக்கு வேண்டியது பஸ் டிப்போவின் நேர அட்டவணை அறை. எந்த வண்டி எப்போது கிளம்பும், எந்த டிரைவருக்கு எந்த ஷிப்ட் என்று கணினியில் போடும் வேலை. அதற்கான பயிற்சியை நான் முடித்தது உனக்குத் தெரியும்.

அவரைக் கூப்பிட்டு, தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று சொல்.

உன் தங்கை

ஜூன் 11

அன்புள்ள ராங்கிக்கு,

கடிதம் கிடைத்தது. வரிக்கு வரி உன் முகம் தெரிந்தது. அண்ணி படித்துவிட்டு, "நல்லா வேணும் உங்களுக்கு" என்கிறாள். வீட்டிலும் எனக்கு ஆதரவில்லை.

ஆனால் நான் தப்பாகச் சொல்லவில்லை. டிப்போ என்றால் கத்தலும் கூச்சலும்தான். வண்டி தாமதமானால் டிரைவர்கள் மேஜையைத் தட்டுவார்கள். நீ பதில் சொல்லத் தொடங்குவதற்குள் எவனாவது உன்னைப் போலவே பேசிக் காட்டுவான். மருந்துக்கடையில் ஒருவன் அப்படிச் செய்தபோது அவன் சட்டையைப் பிடித்தவன் நான். அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நீ ஒரு வார்த்தை பேசவில்லை. அதை என்னால் மறக்க முடியவில்லை.

பட்டறையில் எல்லோரும் உன்னைப் போன்றவர்கள். யாரும் சிரிக்க மாட்டார்கள். கொஞ்ச நாள் போய்ப் பார், பழகிவிடும். நான் இருக்கும்வரை நீ எதற்கும் கவலைப்பட வேண்டாம்.

அன்புடன்,
அண்ணன்

ஜூன் 20

அண்ணா,

என்னைப் போன்றவர்களைப் பற்றிச் சொல்கிறேன், கேள். நீ சொன்னபடி நாலு நாள் போய்ப் பார்த்தேன். பட்டறையில் பக்கத்து மேஜையில் கண் தெரியாத ஓர் அக்கா. என் கதையைக் கேட்டுவிட்டு, "ஏம்மா, வேலை உனக்கா, உங்க அண்ணனுக்கா? ஆலோசகரை மாத்தச் சொல்ல உனக்கு உரிமை இருக்கு. நீ சம்மதிக்காம அவங்க போடற வேலைத் திட்டம் செல்லாது" என்றாள். இவ்வளவு தெரிந்தவள் இங்கே ஏன் இருக்கிறாய் என்று கேட்டேன். "எனக்கு ரிப்பன் பிடிக்கும். நானே கேட்டு வந்தேன்" என்றாள். எனக்குப் பொறாமையாக இருந்தது.

நேற்று மையத்துக்குத் தனியாகப் போனேன். வேறு ஆலோசகர் வேண்டும், வேறு திட்டம் வேண்டும் என்றேன். அதே ஆலோசகர், "ஒரு நிமிஷம்மா" என்று சொல்லி, என் எதிரிலேயே உன்னைக் கூப்பிட்டார். போன் மேஜைமேல் இருந்தது. ஸ்பீக்கரில் உன் குரல் கணீரென்று வந்தது: "கோவத்துல இருப்பா சார். ரெண்டு நாள் விடுங்க, தானா அடங்கிடுவா. நீங்க கோப்பை முடிச்சுடுங்க."

அடங்கிடுவாளாமே! நான் என்ன கொதிக்கிற பாலா, அடுப்பை அணைத்தால் அடங்க? நான் கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்தேன், அண்ணா. அந்த ஆலோசகருக்கே முகம் செத்துவிட்டது. எனக்கு அழுகை வந்தது. ஆத்திரத்தில் வந்த அழுகை, உன் இரக்கம் வேண்டாம்.

உன் எண்ணை என் கோப்பிலிருந்து எடுக்கச் சொன்னேன். "அப்போ யாரைம்மா கூப்பிடறது?" என்றார். "என்னை" என்றேன். அந்த ஒரு சொல் இழுபடாமல் வந்தது.

ஜூலை இரண்டாம் தேதி மையத்தின் மேலாளரைப் பார்க்கிறேன்.

தங்கை

ஜூன் 26

ராங்கி,

ஸ்பீக்கர் போட்டிருந்தது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன் என்று எழுதினேன். படித்துப் பார்த்தால் அது இன்னும் கேவலமாக இருக்கிறது.

இரண்டாம் தேதிக்கு ஆபீசில் லீவு சொல்லிவிட்டேன். மேலாளரைப் பார்க்க நானும் வரட்டுமா? ஓரமாக உட்கார்ந்திருப்பேன். உன்மேல் சத்தியம், வாயே திறக்க மாட்டேன். நீ பேசுவது அவர்களுக்குப் புரியாவிட்டால் மட்டும்...

அண்ணன்

ஜூலை 19

அண்ணா,

'புரியாவிட்டால் மட்டும்' என்று எழுதினாயே, அதனால்தான் வராதே என்று தகவல் அனுப்பினேன்.

மேலாளருக்கு நான் பேசியது முதலில் புரியவில்லைதான். "புரியலைம்மா, மறுபடி சொல்லுங்க" என்றார். மறுபடி சொன்னேன். அப்பவும் புரியாததைப் போனில் தட்டிக் காட்டினேன். அவருடைய டீ ஆறிப்போனது, வேறொன்றும் குடிமுழுகிப் போகவில்லை. இத்தனை வருடத்தில் மறுபடி கேட்க நீ யாரையும் விட்டதே இல்லை.

பட்டறைத் திட்டத்தை ரத்து செய்துவிட்டார்கள். புது ஆலோசகரை நானே பேசிப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். என்னிடம் கேட்காமல் அவர் ஒரு வரி எழுதுவதில்லை. டிப்போவில் மூன்று மாதச் சோதனை வேலை, போன திங்கட்கிழமையிலிருந்து.

நீ சொன்னது பலித்தது. முதல் நாளே ஒரு டிரைவர் என்னைப் போலப் பேசிக் காட்டினான். நானே திட்டினேன். என் வேகத்தில் திட்டினேன், பாவம், முடியும்வரை நின்று கேட்க வேண்டியதாயிற்று. அவனுக்கு விடிகாலை ஷிப்டாகப் போட்டுத்தள்ள ஆசைதான். அந்த அதிகாரம் இன்னும் என் கைக்கு வரவில்லை. இந்த வேலை நிலைக்குமா என்று தெரியாது. நிலைக்காவிட்டால் அடுத்து என்ன என்று நான் சொல்வேன்.

நேற்று நீ அம்மாவிடம் போனில் பேசினாயாம். அம்மா வந்து சிரித்துக்கொண்டே சொல்கிறாள்: "அண்ணன் சொன்னான்டி, உனக்குக் கோவமெல்லாம் போயிடுச்சாமே?"

போகவில்லை, அண்ணா. போனால் நானே எழுதுகிறேன். அதுவரை வராதே.

தங்கை