நம்ம ஊரின் மூன்று மாதச் சைபர்

அன்புள்ள தங்கச்சி மகள் எஸ்நத்துக்கு, மாமன் வைசன் எழுதுவது. நானும் உன் அத்தை ஃபலெஸும் உன் மகன் யாமிகானியும் இங்கே சுகம், அங்கே டர்பனில் உன் சுகத்துக்குக் கடவுள் பொறுப்பு. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், சந்தேகம் இருந்தால் ஊரில் யாரை வேண்டுமானாலும் கேள், ஆனால் என் பக்கத்து ஆட்களை மட்டும் கேள்.

மழைக்கு முன்னால் டியாமிகே என்று ஓர் ஆராய்ச்சிக்காரப் பெண் மோட்டார் சைக்கிளில் வந்தாள், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு வருஷத்தில் எத்தனை தடவை மலேரியா வருகிறது என்று எண்ணுகிறார்களாம். பதினைந்து நாளுக்கு ஒரு தடவை விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம், நடுவில் காய்ச்சல் வந்தால் ஆற்றுக்கு அந்தப்பக்கம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், அங்கே எழுதிக்கொள்வார்கள். பக்கத்து ஊர் இன்க்வாசியில் பிள்ளைக்கு இரண்டரை என்றாள். அந்த அரைக் காய்ச்சல் யாருக்கு வந்தது என்று கேட்டேன், அது சராசரி மாமா என்றாள். ஆறாம் வகுப்புவரை படித்தவன் நான், சாயங்காலம் வந்து காலையில் போய்விடுவதுதான் அரைக் காய்ச்சல் என்று ஊருக்கு விளக்கிவிட்டேன். இன்க்வாசிக்காரன் இரண்டரை வாங்கினால் நாம் சைபர் வாங்கிக் காட்டணும்டா என்று மாவு மில் சுவரில் கரிக்கட்டியால் பெரிய சைபர் போட்டதும் நான்தான்.

அதற்குப் பிறகு எந்தத் தாயும் காய்ச்சல் என்று வாய் திறக்கவில்லை. டியாமிகே வருகிற நாளில் உடம்பு சுடுகிற பிள்ளையெல்லாம் சோளக்காட்டில், சுகமாக இருக்கிறவன் மட்டும் விரலை நீட்டுவான். மூன்று மாதம் முழுசாகச் சைபர். பிளான்டயர் நகரத்திலிருந்து பெரிய அதிகாரிகள் காரில் வந்து, எல்லாம் கொசுவலையின் மகிமை என்று என் கையைக் குலுக்கிப் படம் எடுத்தார்கள். வலைகள் அப்போது தக்காளி நாற்றின் மேல் கிடந்தன, தக்காளிக்கு மலேரியா வரவில்லை என்பது உண்மைதான்.

பிப்ரவரியில் யாமிகானி சுருண்டுவிட்டான். பொரித்த உசிப்பா மீனைக் காட்டியும் ன்சிமாக் களி ஒரு வாய் இறங்கவில்லை, இரண்டாம் நாள் கண் மேலே சொருகியது. விடுவேனா? துணியில் கட்டி முதுகில் போட்டுக்கொண்டு வெள்ளத்தில் இறங்கினேன், மார்பளவு தண்ணீர், முதலை ஒன்று தலையைத் தூக்கி என்னைப் பார்த்துவிட்டு மரியாதையாக ஒதுங்கியது. ஆஸ்பத்திரியில் பரிசோதனைப் பட்டையில் இரண்டு கோடு, மலேரியாதான். மருந்துப் பெட்டியில் கடைசி ஊசி மருந்து ஒன்றுதான் மிச்சம். இன்னும் அரை நாள் போயிருந்தால் பிள்ளையை மறந்திருக்க வேண்டியதுதான் என்று நர்ஸ் சொன்னாள்.

டியாமிகே ஓடிவந்தாள். அழுதுகொண்டே, ஏன் மாமா, நான் என்ன மார்க் போடவா வந்தேன், காய்ச்சல் எவ்வளவோ அவ்வளவு மருந்து அனுப்புவாங்க, நீங்க சைபர்னு காட்டினா பெட்டியும் சைபராத்தானே வரும் என்றாள்.  மறுநாள் மில் சுவரில் போட்ட சைபரைக் கழுவினேன். இப்போது பிள்ளை தும்மினாலே தாய்மார்கள் ஆற்றைக் கடக்கிறார்கள், நமக்கு மூன்றேகால், சுற்றுவட்டாரத்தில் நம்ம ஊர்தான் முதல். பெட்டியும் நிரம்பி வருகிறது.

யாமிகானி இப்போது என் தட்டிலிருந்தே மீனைப் பிடுங்குகிறான். நீ வேளைக்குச் சாப்பிடு, முதலாளியம்மா சத்தம் போட்டால் பதில் பேசாதே, கிறிஸ்துமஸுக்கு வரும்போது அவனுக்குச் செருப்பு ஒரு அளவு பெரிதாக வாங்கு. கடவுள் உன்னைக் கைவிடமாட்டார்.

கடிதத்தை உன் அத்தைக்குப் படித்துக் காட்டினேன். முதலை வந்த இடத்தில் சிரித்தாள், எழுந்து பிள்ளைக்கு வலை கட்டப் போய்விட்டாள். அவள் ஏதாவது திட்டியிருந்தால் இதை அப்படியே உறையில் போட்டிருப்பேன். எஸ்நத்து, ஆற்றில் இறங்கியது நான் இல்லை, அவள். நான் வாசலை மறித்துக்கொண்டு, செவ்வாய்க்கிழமை டியாமிகே வந்து கணக்கு எழுதிட்டுப் போகட்டும்டீ, அதுக்கப்புறம் போ என்றேன். என்னைத் தள்ளிவிட்டுத்தான் போனாள்.

இப்படிக்கு,
உன் மாமன் வைசன்