பேக்கரி வாசலில் ஒரு குடை

அன்பு மகளே,

இந்தக் கோபன்ஹேகன்காரர்கள் வழக்கப்படி உன் குழந்தையைத் தள்ளுவண்டியோடு பேக்கரி வாசலில் தூங்கவிட்டு, நான் உள்ளே காபி குடித்ததற்காகக் கோபித்துக்கொண்டு அமெரிக்காவுக்கே திரும்பிவிட்டாய். "கோயிலும் கிடையாது, கடவுள் பயமும் கிடையாது. இந்த ஊர்ல யாருப்பா அவளைப் பாத்துக்குவாங்க?" என்று கத்தினாயே!

அன்று தூறியபோது யாரோ வண்டிமேல் குடை கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். உன் கோபத்தில் நீ அதைக் கவனிக்கவில்லை. உரியவர் எடுத்துக்கொள்ளட்டும் என்று வாசலிலேயே மாட்டிவைத்தேன்.

மூன்று வாரமாகக் கோபன்ஹேகனில் விடாத மழை. தெருவே அந்தக் குடையைத் தாண்டி நனைந்துகொண்டு போகிறது.

"யாரோடதுன்னு தெரியாம எப்படி எடுக்கறது?" என்கிறாள் பேக்கரிக்காரி போடில், மூக்கைச் சிந்தியபடி.

எனக்கும் ஜலதோஷம்தான். குடை குழந்தைக்கென்றே விட்டுப்போனது என்று நேற்று எல்லோரும் முடிவு செய்துவிட்டோம். அவளைக் கூட்டிக்கொண்டு வா. வந்து எடுத்துக்கொள்ளட்டும்.

தும்மலுடன்,
அப்பா