செபஸ்தியான் உடைத்த மதகு

செவ்வாய், இரவு

எச்சில் விழுங்கவே வலிக்கிறது. படுத்தாலும் நித்திரை வரவில்லை.

செபஸ்தியான் அண்ணனின் பண்ணை இறாலில் தடைசெய்த அன்டிபயோட்டிக் மருந்து இருப்பதாகப் பரிசோதனை முடிவு வந்திருந்தது. விற்கக்கூடாது, முழுவதையும் அழிக்கவேண்டும் என்று சொல்லத்தான் மீன்வளப் பரிசோதகராக நான் போனேன்.

"மருந்து போடாட்டி நோயில சாகுது. போட்டா நீங்க சாகடிக்கிறீங்க. நட்டத்த ஆர் தாறது, மிஸ்?"

"அதுக்குச் சட்டத்தில ஒண்டும் இல்ல, அண்ணன்."

சொல்லி முடிக்கவில்லை. என் கழுத்தைப் பிடித்து இறால் குளத்துக்குள் அமுக்கினார். வாயெல்லாம் சேறு. அவருடைய மனுசி மண்வெட்டிப் பிடியால் அவர் முதுகில் திரும்பத் திரும்ப அடித்துத்தான் என்னை மீட்டா. நான் வரம்பில் கிடந்து சத்தி எடுக்க, அவர் அலவாங்குக் கம்பியால் குளத்து மதகை உடைத்தார்.

"இந்தா, அழிச்சிட்டன்!"

மருந்துத் தண்ணீர் இறாலோடு பக்கத்துக் கடற்களப்புக்குள் பாய்ந்தது. கிருமிகள் அந்த மருந்துக்குப் பழகிவிட்டால் நாளைக்கு மனிசருக்கும் அது வேலை செய்யாது. அதற்காகத்தான் தடையே. களப்பில் வலை போட்டிருந்தவர்கள் ஓடிவந்து, உடுத்திருந்த சாரத்திலும் கூடையிலும் இறாலை அள்ளினார்கள். "தின்னாதீங்க" என்று கத்தப் பார்த்தேன். குரல் வரவில்லை.

பொலிசுக்கு இன்னும் போகவில்லை. பக்கத்து வீட்டில் இறால் பொரிக்கிறார்கள்.