கம்பெனி மாத்திரையும் கெடா விருந்தும்

ஜூலை 14, திங்கள்

காற்று. பட்டறைத் தகரம் காலையிலிருந்து ஒரே அடி. வாயெல்லாம் இரும்புத் தூள்.

மோட்டார் பம்புக்குள் சுழலும் இம்பெல்லர் இருநூறு, லேத்தில் கடைசல் முடிந்தது. பாதி கம்பெனிக்கு, அவர்கள் தங்கள் வண்ணப் பெட்டியில் போட்டுக்கொள்வார்கள். மீதி ஸ்பேர்ஸ் கடைகளுக்கு, வெறும் அட்டைப் பெட்டியில்.

மாலை டாக்டர். மூன்று மாதமாகத் தள்ளிப்போட்ட வேலை. படுக்கையில் ரெண்டு வருடமாக உடம்பு எழுந்திருப்பதில்லை என்று ஒரு அந்நியரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்னேன். என் குரலே எனக்குக் குமட்டியது.

"சுகர் எத்தன வருசமாங்க?"

"எட்டு."

"நெஞ்சு வலிக்கு நாக்குக்கடியில வெக்கற மாத்திரை ஏதாச்சும் போடறீங்களா?"

"இல்லீங்க."

"அப்பச் சரி. சுகர்காரங்களுக்கு இது சகஜமுங்க. வெக்கப்படறதுக்கு ஒண்ணுமில்ல."

அதைக் கேட்டதும்தான் வெட்கம் முழுசாக வந்தது. பிறகு அவர் நீளமாக ஏதோ விளக்கினார். ஒன்றும் காதில் ஏறவில்லை. சுவரில் இருந்த சிறுநீரகப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சீட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில்.

வீட்டில் சரசு: "டாக்டரு என்னுங்க சொன்னாரு?"

"சுகருதான். வேற என்ன."

ஐம்பத்திரண்டு வயதில் பொண்டாட்டியிடம் பொய். தூ.

ஜூலை 15, செவ்வாய்

நம் தெருவில் மருந்துக்கடை வைத்திருப்பது பங்காளி ராசு. அங்கே வாங்கினால் சாயந்திரத்துக்குள் அவன் வீட்டு அடுப்படியில் பேச்சாகிவிடும். ஆகவே டவுன் பஸ், காந்திபுரம்.

பஸ் ஸ்டாண்டு கழிப்பறை. மூத்திர நாற்றம். கண்ணுக்கு நேரே சுவரில் 'ஆண்மைக் குறைவா?' நோட்டீஸ், லாட்ஜ் ரூம் நம்பரோடு. அதன்மேல் யாரோ வெற்றிலை துப்பியிருக்கிறான். நாலு நோட்டீஸ் எண்ணினேன். ஏன் எண்ணினேன்?

கடையில் கூட்டம். கவுண்டர்காரர் சீட்டைப் பார்த்துவிட்டு, ஏலம் போடுகிற குரலில்:

"ஏனுங்கண்ணா, இது கம்பெனி வேணுங்களா, ஜெனரிக் போதுங்களா? மருந்து ஒண்ணுதானுங்க, வெலைதான் நாலு மடங்கு."

பக்கத்தில் குழந்தைக்கு இருமல் மருந்து வாங்கிய அம்மணி என் முகத்தைப் பார்த்தாள். பார்க்காமலும் இருந்திருக்கலாம். எனக்கு அப்படித்தான் பட்டது.

"எது பக்கத்துல இருக்குதோ அதக் குடுங்க."

ஜெனரிக் பக்கத்தில் இருந்தது. இனி இந்தக் குறிப்பில் அது 'அ.மா.' அந்த மாத்திரை. முழுப் பெயர் எழுதக் கை கூசுகிறது.

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒன்று. பட்டறையில் தேங்காய் உடைத்தது.

சரசு ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போய் வந்தாள். கர்ப்பப்பையை எடுத்து ரெண்டு வருடம், செக்கப். எல்லாம் நல்லபடி என்றார்களாம். எனக்கு லோடு ஏற்றுகிற வேலை.

அ.மா.வும் சீட்டும் வீட்டு டூல்ஸ் பெட்டிக்குள், பழைய மைக்ரோமீட்டருக்கு அடியில். பளபளப்பில்லாத அட்டை. பெயர் தெரியாத கம்பெனி. பார்க்கவே டூப்ளிகேட் மாதிரி.

ஜூலை 20, ஞாயிறு

கிணத்துக்கடவில் மச்சான் சின்னசாமி தோட்டம். கருப்பராயனுக்குக் கெடா வெட்டு. மூன்று கெடா. தென்னைக்கு அடியில் பந்தி.

இன்று அருவருத்தவை:
— ஈ. இலைமேல், குழம்புமேல், சின்னசாமி மீசைமேல்.
— கை கழுவாமல் என் தோளில் கை போட்ட சின்னசாமி.
— குழந்தையில்லாத பழனிச்சாமியைப் பற்றி அவன் சொன்ன ஜோக். பழனிச்சாமி ரெண்டடி தள்ளித்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.
— அதற்குச் சிரித்த நான்.

"இன்னுங் கொஞ்சம் போட்டுக்கோங்க மாப்ள, குடலு நல்லா வெந்திருக்குது."

போட்டுக்கொண்டேன். வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்வார்கள். குடல், ஈரல், எலும்புக் குழம்பு, கொழுப்பு வறுவல்.

வீடு வந்தது மூன்று மணி. மகள் பெங்களூரில், வீட்டில் நாங்கள் இருவரே. வந்த வேகத்தில் பாத்ரூமில் ஒளிந்து அ.மா. ஒன்று. ஒரு மணி நேரம் காத்திருந்தேன். ஏப்பம்தான் வந்தது. சரசு பக்கத்தில் வந்து படுத்தாள். கையைப் பிடித்தேன். ரெண்டு வருடத்தில் முதல்தடவை. அவளும் பிடித்துக்கொண்டாள்.

ஒன்றுமில்லை. துளி அசைவில்லை. வாயில் கெடாக் கொழுப்பு வாசனை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டேன். அவள் கொஞ்ச நேரத்தில் எழுந்து மகள் அறைக்குப் போய்விட்டாள்.

என்மேலேயே காறித் துப்பலாம் போலிருந்தது.

ஜூலை 21, திங்கள்

நேராகக் காந்திபுரம். இந்தத் தடவை கூச்சமில்லை, கோபம்தான்.

"என்னுங்க, டூப்ளிகேட்டத் தள்ளி உட்டுட்டீங்க?"

"அண்ணா, சத்தம் போடாதீங்க. ஜெனரிக்னா டூப்ளிகேட் இல்லீங்க. அதே மருந்துதானுங்க."

"எனக்குச் சொல்லித்தர வேண்டாமுங்க. நான் ஸ்பேர்ஸ்ல முப்பது வருசம். டூப்ளிகேட் போட்ட மோட்டாரு எத்தன நாளைக்கு ஓடும்னு எனக்குத் தெரியும். கம்பெனி சரக்க எடுங்க."

எடுத்தார். நாலு மாத்திரை. அட்டை தகதகவென்று மின்னியது. அதைப் பார்த்தே பாதி தைரியம் வந்தது. சரியான மடையன்.

ஜூலை 25, வெள்ளி

பட்டறைப் பக்கம் மின் தடை, லீவு. காலையில் காப்பியோடு சரி, பசியில்லை. பதினொன்றுக்குக் கம்பெனி அ.மா. விழுங்கியாயிற்று. சரசு குளித்துக்கொண்டிருந்தாள். ஈரத் தலையோடு வந்து ஜன்னலோரம் நின்று துவட்டினாள். உடம்பு விழித்தது. நிஜமாகவே. இருபது வயது போல என்று எழுத மாட்டேன், ஆனால் விழித்தது.

காலிங் பெல். சின்னசாமி சம்சாரம், ஒரு தூக்குப்போசி நிறைய எள்ளுருண்டையோடு.

"ஏனுங்கண்ணா, உடம்புக்கு ஆகலைங்களா? மூஞ்சி செவந்து கெடக்குது."

ஹாலில் தினசரியை விரித்து மடியில் வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். விளையாட்டுப் பக்கத்தை மூன்று தடவை படித்தேன். அவர் போனபோது எனக்குத் தலைவலி, சரசுக்கு அரிசி ஊறப்போடுகிற வேலை.

ஆனால் ஒன்று உறுதி. கம்பெனி கம்பெனிதான்.

ஜூலை 26, சனி

மாட்டிக்கொண்டேன்.

மதியம் சாப்பிட வந்தால், சரசு கட்டிலில். மடியில் சீட்டும், ரெண்டு அட்டையும். தாழ்ப்பாளுக்கு ஸ்குரூ டிரைவர் தேடி டூல்ஸ் பெட்டியைத் திறந்திருக்கிறாள்.

"இது எனக்காகத்தானுங்களா? இல்ல வேற எங்கியாச்சுங்களா?"

"அம்மணி, சத்தியமா..."

"சத்தியமெல்லாம் வேண்டாமுங்க. சொல்லுங்க."

சொன்னேன். சுகர், டாக்டர், காந்திபுரம், ஞாயிற்றுக்கிழமை, எல்லாம். தரையைப் பார்த்துக்கொண்டே. முடித்தபோது அவள் அழுதுகொண்டிருந்தாள். என்னால் என்றுதான் நினைத்தேன். அவள் சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன்:

"கர்ப்பப்பைய எடுத்ததுல இருந்து என்னத் தொட உங்களுக்கு அருவருப்பாயிருச்சுன்னுல்ல நெனச்சுட்டு இருந்தனுங்க. அன்னைக்கும் கையப் புடிச்சுப்போட்டு மூஞ்சியத் திருப்பிக்கிட்டீங்க. உள்ள ஒண்ணுமில்லாத பொம்பளைன்னு."

ரெண்டு வருடம். இந்த நோட்டில் ஈ முதல் எச்சில் வரை எதைப் பார்த்து முகம் சுளித்தேன் என்று பட்டியல் போடுகிறேன். அந்தச் சுளித்த முகத்தைத் தினமும் பார்த்தவள் அவள். செக்கப்புக்குக்கூட நான் கூடப் போகவில்லை.

"உன்னையப் போயி நான்..." என்றேன். அழுதேன். எழுத வெட்கமாக இல்லை.

பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு சீட்டைப் பிரித்தாள். வீட்டு மருந்தெல்லாம் வாங்குகிறவள் அவள்தான், டாக்டர் கையெழுத்து அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

"சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்ன, கொழுப்புச் சாப்பாடு கூடாதுன்னு எழுதியிருக்குதே. நீங்க எப்பப் போட்டீங்க?"

"கெடா விருந்து முடிஞ்சு."

"அந்த எலும்புக் கொழம்பு, வறுவல் எல்லாந் தின்னுபோட்டா?"

சிரித்தாள். அழுத கண்ணோடு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அது இருக்கட்டும். ஜெனரிக்குன்னா டூப்ளிகேட்டுனு யாருங்க சொன்னது? நாலு வருசமா உங்க சுகர் மாத்திரை எதுன்னு நெனச்சீங்க? ஆஸ்பத்திரிக்கு எதுத்தாப்புல ஜெனரிக் கடையிலதான் வாங்கறேன். சொன்னாத் திங்க மாட்டீங்கன்னு அட்டையக் கிழிச்சு வார டப்பாவுல போட்டு வெக்கறனுங்க."

நாலு வருடம். சுகர் கட்டுக்குள் இருக்கிறது என்று கம்பெனியின் பெருமையை நான் ராசுவிடமே பேசியிருக்கிறேன். ஒரே லேத், ஒரே கடைசல், ரெண்டு பெட்டி. தினமும் என் கையாலேயே செய்கிற வேலை. அது என் மண்டையில் ஏறவில்லை.

ஜூலை 27, ஞாயிறு

காற்று குறைவு. லேசான தூறல்.

காலை ரெண்டு இட்லி, சட்னி. மூன்றாவது கேட்டதற்கு இல்லை என்றாள். அடுப்பில் சட்டி நிறைய இட்லி இருந்தது.

பத்து மணிக்குச் சின்னசாமி போன், சரசு எடுத்தாள். அவன் சம்பந்தி தோட்டத்தில் இன்று கெடா, மதியம் வந்துவிட வேண்டுமாம்.

"அவரு வரமாட்டாருங்கண்ணா. டாக்டரு கறி ஆகாதுன்னு சொல்லிப்போட்டாரு... ஆமாங்க, நானும் வரல."

வார டப்பாவில் ஞாயிற்றுக்கிழமைக் கட்டம். சுகருக்கு ஒன்று, பி.பி.க்கு ஒன்று, இரண்டையும் காலையிலேயே போட்டாயிற்று. இப்போது பார்த்தால் உள்ளே இன்னொன்று. பளபளப்பில்லாத அட்டைத் துண்டில் ஜெனரிக் அ.மா. நான் வைக்கவில்லை.

தண்ணீர்ச் செம்பும் பக்கத்தில்.

மணி பதினொன்று. உள்ளிருந்து குரல்:

"ஏனுங்க, எழுதுனது போதும். வாசக் கதவத் தாப்பாப் போட்டுட்டு வாங்க. பெல்லு ஸ்விச்சையும் அமத்திப்போடுங்க."