முட்டைக்கோஸுக்கு மேலே உன் படங்கள்

டெஸ்மண்ட்,

சூப் அடுப்பில் இருக்கிறது. சூடாக்கிக்கொள்.

ஞாயிறு பேப்பரோடு இலவசமாக வந்த உன் சினிமா, போர் ஆவணப்பட டிவிடிகளையெல்லாம், பழைய சாமான்களை வாங்கி நன்கொடைக்காக விற்கும் தர்மக் கடைக்குக் கொண்டுபோனேன். "விற்கக்கூடாதுன்னு எல்லாத்துலயும் போட்டிருக்கே, சும்மா குடுத்தாலும் வேணாம்மா" என்று கடைப் பெண் சிரித்தாள். அதனால் உறையைப் பிரித்து, தட்டுகளைத் தோட்டத்தில் நூல் கட்டித் தொங்கவிட்டேன். வெயிலில் அவை மின்னுவதால் முட்டைக்கோஸ் பக்கம் இப்போது புறா வருவதில்லை. உன் டிவிடிகளால் கண்ட முதல் பயன்.

"ரிடையர் ஆனதும் ரெண்டு பேரும் உக்காந்து பாப்போம், ஹில்டா" என்றாய். ஓய்வு பெற்று ஆறு வருடம். ஒன்றைக்கூட நீ பிரிக்கவில்லை.

நான் தங்கை நோரா வீட்டுக்குப் போகிறேன். சாவி பூந்தொட்டிக்கு அடியில்.

ஹில்டா

பி.கு. நீ மழையில் மூன்று கடை ஏறி பேப்பரோடு வாங்கிய போர்த் தொடரின் கடைசிப் பாகம் மட்டும் என் பையில் இருக்கிறது. இன்று நோராவோடு பார்க்கப்போகிறேன். அதன் கிழிந்த உறை உன் தட்டில்.