ஆர்டர் அறைக்குப் போட்ட பூட்டு

அன்புள்ள அக்காவுக்கு,

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது யாதெனில், தன் சட்டையைக்கூட மடித்து வைக்காத உன் தம்பி, அம்மாவின் தையல் கடை இணையதளத்தை மடித்து, அடுக்கி, இஸ்திரியும் போட்டுவிட்டான். கைதட்டலாம்.

வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் நீ எல்லாவற்றையும் ஒரே கோப்பில் திணித்திருந்தாய். புது ஆர்டர் கொடுப்பது, ரத்து செய்வது, விலையை மாற்றுவது, அளவைத் திருத்துவது என்று எந்தக் கோரிக்கை வந்தாலும் அது ஒன்றேதான் பதில் சொல்ல வேண்டும். பாவம், அம்மா மாதிரி. நான் இனம் பிரித்தேன். ஆர்டர் சம்பந்தப்பட்டதெல்லாம் ஓர் அறை, அளவு சம்பந்தப்பட்டதெல்லாம் இன்னோர் அறை. கண்டவர்கள் வந்து விலையை மாற்றிவிடக் கூடாதே என்று ஆர்டர் அறை வாசலில் கடவுச்சொல் பூட்டும் போட்டேன். அம்மாவின் கணினியில் சோதித்தபோது வழுக்கிக்கொண்டு ஓடியது.

அம்மாவுக்குத்தான் முகமே சரியில்லை. எதிரே பெரிய துணிக்கடை திறந்ததிலிருந்து ஒரே பயம். இந்த வாரம் தளத்தில் ஓர் ஆர்டர்கூட இல்லை. "என் தையல் எல்லாருக்கும் சலிச்சுப்போச்சு போலடா" என்றாள். காஜா எடுத்துப் பட்டன் தைக்கும் நம் பட்டன் அத்தையைச் சனிக்கிழமையோடு நின்றுகொள்ளச் சொல்லிவிட்டாள். அத்தை ஊசிகளை டப்பாவில் போட்டு மூடினார்.

நேற்று பக்கத்துத் தெரு டீச்சர் நேரில் வந்து, "ஏம்பா, ஒரு சட்டை தைக்கக் குடுக்கறதுக்குப் பாஸ்வேர்டா? உங்க கடை என்ன பேங்க் லாக்கரா?" என்று சிரித்தார். அம்மா பின் அறையில் இருந்தாள். எனக்கு மட்டும் கேட்டது.

புது ஆர்டரும் ஆர்டர்தானே என்று அதையும் பூட்டுக்குள் வைத்தவன் நானேதான். அம்மாவின் கணினி ஏற்கெனவே கடவுச்சொல் போட்டு உள்ளே நுழைந்திருந்ததால் பூட்டு என் கண்ணில் படவே இல்லை. கோப்பைப் பிரிக்கப் போய், எனக்கே ஆப்பு.

இன்று காலை இரண்டு ஆர்டர் வந்தது. "போனாப் போகுதுன்னு குடுத்திருப்பாங்க" என்கிறாள் அம்மா. நான் சாமர்த்தியமாகச் சரிசெய்தேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். உண்மை என்னவென்றால், நேற்றே என் அறைகளையெல்லாம் அழித்துவிட்டு உன் பழைய கோப்பையே திரும்பப் போட்டேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. வாய் கிழியப் பேசுகிறவனுக்கு இப்போது வாய் திறக்க வரவில்லை, அக்கா.

இதைப் படித்ததும் கூப்பிடு, அத்தையின் சனிக்கிழமை வருவதற்குள். நான்தான் சொல்வேன், நீ எனக்காகப் பேச வேண்டாம். திட்டு விழுந்து முடிகிற வரைக்கும் சும்மா லைனில் இரு.

இப்படிக்கு,
உன் வாலுத் தம்பி